செயல்பாட்டு நானோ பொருள்கள்: தயாரிப்பும், மருத்துவ மற்றும் சுற்றுச்சூழல் பயன்பாடுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானோ பொருள்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவற்றின் சிறுமையைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு துகளை எப்படித் தயாரித்தார்கள், அதன் மேற்பரப்பில் என்ன ஒட்டியிருக்கிறது, வேலை முடிந்தபின் அது எங்கே போய்ச் சேருகிறது என்ற மூன்று கேள்விகளே அதன் பயனைத் தீர்மானிக்கின்றன. மாணவர்களும் ஆர்வமுள்ள பொது வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு, இந்த மூன்றையும் மனத்தில் வைத்தே கீழே விடை எழுதியிருக்கிறேன்.

நானோ பொருள் என்று எதைச் சொல்கிறோம்? அதில் 'செயல்பாட்டு' என்ற அடைமொழி எதற்கு?

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. டி.என்.ஏ. இழையின் விட்டம் ஏறத்தாழ 2 நானோமீட்டர். சிவப்பணுவின் விட்டம் 7,000 முதல் 8,000 நானோமீட்டர். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றில் ஒன்றாவது 1 முதல் 100 நானோமீட்டருக்குள் அமையும் பொருளை நானோ பொருள் என்பது வழக்கம். ஐரோப்பிய ஆணையம் 2011இல் வெளியிட்டு 2022இல் திருத்திய வரையறை, எண்ணிக்கையில் 50 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட துகள்கள் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 100 என்ற எண்ணில் இயற்பியல் புனிதம் ஏதும் இல்லை. அது நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு. நூறைச் சற்றே தாண்டிய மருந்துத் துகள்களையும் நானோ மருந்து என்றுதான் எல்லோரும் அழைக்கிறார்கள்.

புகைக்கரியிலும் எரிமலைச் சாம்பலிலும் நானோ துகள்கள் ஏராளமாக உண்டு. ஆனால் அவற்றை யாரும் ஒரு வேலைக்கென்று வடிவமைக்கவில்லை. ஒளியை உறிஞ்சுதல், மருந்தைச் சுமத்தல், நஞ்சைப் பற்றுதல், காந்தத்துக்கு இசைதல் போன்ற குறிப்பிட்ட ஒரு பணிக்காக உள்ளகமும் மேற்பரப்பும் திட்டமிட்டு அமைக்கப்பட்டவையே செயல்பாட்டு நானோ பொருள்கள்.

அளவு குறைந்தால் பண்பு ஏன் மாற வேண்டும்? தங்கம் எந்த அளவிலும் தங்கம்தானே?

முதற்காரணம் மேற்பரப்பு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கினால், பொருளின் நிறை மாறாமலே, பரப்பு 6,000 சதுர மீட்டராகிறது. 3 நானோமீட்டர் துகளில் ஏறத்தாழப் பாதி அணுக்கள் மேற்பரப்பில் இருக்கின்றன. உள்ளே இருக்கும் அணுவுக்கு எல்லாப் பக்கமும் அண்டை அணுக்கள் உண்டு. மேற்பரப்பில் உள்ளதற்குச் சில பிணைப்புகள் குறைவு. அந்தக் குறையே அதை வேதிவினைக்கு ஆயத்தமாக்குகிறது.

இரண்டாவது காரணம் குவாண்டம் விளைவு. குறைக்கடத்தி ஒன்றில் எலக்ட்ரான் உலவும் இடத்தைச் சுருக்கிக்கொண்டே போனால், அதன் ஆற்றல் மட்டங்களுக்கு இடையிலான இடைவெளி விரிகிறது. அதனால் 2 நானோமீட்டர் அளவுள்ள காட்மியம் செலினைடு துகள் நீல ஒளியையும், அதே சேர்மத்தின் 6 நானோமீட்டர் துகள் சிவப்பு ஒளியையும் உமிழ்கிறது. இத்தகைய துகள்களைக் குவாண்டம் புள்ளிகள் என்பார்கள். 1980களின் தொடக்கத்தில் அலெக்ஸி எகிமோவ் கண்ணாடிக்குள்ளும், லூயிஸ் புருஸ் கரைசலிலும் இதைத் தனித்தனியே கண்டார்கள். 1993இல் மௌங்கி பவெண்டி குழுவினர் ஒரே அளவில் தரமான துகள்களை உருவாக்கும் வழியைக் காட்டினர். மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

தங்கத்தின் கதை சற்று வேறு. அதன் எலக்ட்ரான் கூட்டம் ஒளி அலையோடு சேர்ந்து ஊசலாடுவதால், 20 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் 520 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில் ஒளியை வலுவாக உறிஞ்சிச் செந்நிறமாகத் தெரிகின்றன. மைக்கேல் ஃபாரடே 1857இலேயே இத்தகைய செந்நிறத் தங்கக் கூழ்மத்தை (நுண்துகள்கள் அடியில் படியாமல் மிதக்கும் நீர்மத்தை) ஆய்ந்து, அந்த நிறம் மிக நுண்ணிய தங்கத் துகள்களால் வருகிறது என்று விளக்கினார்.

காந்தப் பண்பும் மாறுகிறது. இரும்பு ஆக்சைடு துகள் 20 நானோமீட்டருக்கும் கீழே போகும்போது, வெளிக்காந்தம் இருக்கும்வரை வலுவாக ஈர்க்கப்படும். காந்தத்தை எடுத்தவுடன் காந்தத்தன்மையை இழந்துவிடும். மிகைபாராகாந்தம் எனப்படும் இப்பண்பு இல்லையென்றால், இரத்தத்திலும் நீரிலும் இத்துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகிவிடும்.

தயாரிப்பு முறைகளை எப்படி வகைப்படுத்துவது?

பெரிய பொருளைச் சிறிதாக்குவது ஒரு வழி: பந்து ஆலையில் அரைத்தல், ஒளிப்பொறிப்பு, லேசர் கொண்டு செதுக்குதல். அணுக்களிலிருந்தும் மூலக்கூறுகளிலிருந்தும் கட்டியெழுப்புவது மற்றொன்று: கரைசல் வேதிமுறைகள், ஆவிநிலைப் படிவு ஆகியன இதில் சேரும். அரைத்தல் மலிவானது; ஆனால் அளவுச் சீர்மை கிடைப்பது அரிது, ஆலைப் பந்துகளின் தேய்மானமும் பொருளில் கலந்துவிடும். மருத்துவத்திலும் நீர்ச் சுத்திகரிப்பிலும் பயன்படுபவற்றில் பெரும்பாலானவை கட்டியெழுப்பும் வழியில் வந்தவையே.

கரைசலில் உருவாகும் துகள்கள் ஒரே அளவில் அமைவது எப்படி?

இந்தத் துறையின் கைத்திறன் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. விக்டர் லாமெர் 1950இல் முன்வைத்த விளக்கம் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. கரைசலில் அணுக்களின் செறிவு ஒரு வரம்பைத் தாண்டும்போது திடீரென எண்ணற்ற கருக்கள், அதாவது துகளாக வளரவிருக்கும் சிறு அணுத்திரள்கள், ஒரே நேரத்தில் பிறக்கின்றன. அந்தப் பிறப்பிலேயே செறிவு வரம்புக்குக் கீழே இறங்கிவிடுவதால் புதிய கருக்கள் தோன்றுவதில்லை; பிறந்தவை மட்டும் ஒரே சீராக வளர்கின்றன. கருவாக்கத்தையும் வளர்ச்சியையும் காலத்தால் பிரித்துவிட்டால் அளவு ஒன்றாக அமையும். இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் சிறியதும் பெரியதும் கலந்த கும்பலே மிஞ்சும்.

ஜான் டர்கேவிச் 1951இல் விவரித்த தங்கத் துகள் தயாரிப்பு இதற்கு எளிய எடுத்துக்காட்டு. கொதிக்கும் குளோரோஆரிக் அமிலக் கரைசலில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்தால் சில நிமிடங்களில் செந்நிறக் கூழ்மம் கிடைக்கிறது. இங்கே சிட்ரேட் இரண்டு வேலை செய்கிறது: தங்க அயனிக்கு எலக்ட்ரானைத் தந்து ஒடுக்கி அணுவாக்குகிறது, உருவான துகளின் மேல் படிந்து எதிர்மின்சுமையைத் தந்து, துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. சிட்ரேட்டின் விகிதத்தைக் குறைத்தால் துகள் பெரிதாகும் என்று 1973இல் ஃப்ரென்ஸ் காட்டினார். அவ்வழியில் ஏறத்தாழ 16 முதல் 150 நானோமீட்டர் வரை அளவைத் தேர்ந்துகொள்ளலாம்.

பவெண்டி குழுவின் முறையும் இதே தத்துவத்தின் கடுமையான வடிவம்தான். சுமார் 300 பாகை செல்சியஸில் இருக்கும் கரைப்பானுக்குள், துகளுக்கான அணுக்களைத் தரும் முன்னோடிச் சேர்மங்களை ஒரே வீச்சில் ஊசிவழிச் செலுத்துவார்கள். செலுத்தியவுடன் வெப்பநிலையும் செறிவும் விழுவதால் கருவாக்கம் அந்தக் கணத்தோடு முடிந்துவிடும். பிறகு மெல்லச் சூடேற்றி வேண்டிய அளவுக்கு வளர்த்து நிறுத்தலாம்.

வேறு முறைகள் எவை பரவலாக உள்ளன?

இணைவீழ்படிவு முறையில் இருமதிப்பு இரும்பு அயனிகளையும் மும்மதிப்பு இரும்பு அயனிகளையும் 1:2 விகிதத்தில் கலந்து அம்மோனியா போன்ற காரத்தைச் சேர்த்தால் மேக்னடைட் என்னும் கரிய இரும்பு ஆக்சைடுத் துகள்கள் உடனே வீழ்படிகின்றன. காற்றுப் பட்டால் அவை பழுப்பேறி வேறு ஆக்சைடாக மாறும் என்பதால் நைட்ரஜன் சூழலில் செய்வது வழக்கம். சிலிக்கா கோளங்களுக்கு 1968இல் ஸ்டோபர் குழுவினர் வகுத்த கூழ்-களி முறையே இன்றும் கையாளப்படுகிறது. நீர்வெப்ப முறையில், டெஃப்லான் உறையிட்ட எஃகுக் கலத்தில் கரைசலை மூடி, பெரும்பாலும் 100 முதல் 200 பாகைக்கு மேல்வரை பல மணிநேரம் சூடேற்றுவார்கள். தனியே சுடாமலேயே படிகத்தன்மை மிக்க ஆக்சைடுகள் கிடைப்பது இதன் ஆதாயம்.

இலைச்சாற்றைக் கொண்டு செய்யும் 'பசுமைத் தயாரிப்பு' உண்மையிலேயே பசுமையானதா?

ஓரளவுக்கு மட்டுமே என்பது என் கருத்து. தாவரச் சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள், சர்க்கரைகள் முதலியவை வெள்ளி அயனியை ஒடுக்கும். புரதங்கள் துகளைச் சூழ்ந்து நிலைப்படுத்தும். வெள்ளி நைட்ரேட் கரைசல் மஞ்சளாகி, பின் பழுப்பாக மாறுவதையும், 400 முதல் 450 நானோமீட்டருக்குள் உறிஞ்சல் முகடு எழுவதையும் எளிய ஆய்வகத்திலேயே காணலாம். நச்சு ஒடுக்கிகளைத் தவிர்க்க முடிகிறது என்பது மெய்யான நன்மை.

ஆனால் சாற்றின் கலவை செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. அதனால் ஒருவர் செய்ததை மற்றொருவர் அப்படியே திரும்பச் செய்வது கடினம். துகளின் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்பதும் தெளிவாகத் தெரிவதில்லை. இத்துகள்களைப் பாக்டீரியாக் கொல்லியாகச் சோதிப்பதில் இவற்றைவிடப் பெரிய சிக்கல், பாக்டீரியாவைக் கொன்றது துகளா, ஒடுக்கப்படாமல் எஞ்சிய வெள்ளி அயனியா, சாறே தானா என்பதைப் பிரித்துக் காட்டும் ஒப்பீட்டுச் சோதனை பல ஆய்வுகளில் இல்லாதது. துகள்களை நன்கு கழுவி, சாற்றையும் வெள்ளி நைட்ரேட்டையும் தனித்தனியே சோதிக்காத முடிவை நம்புவது கடினம். வெள்ளி உப்பைச் சுரங்கத்திலிருந்து பிரித்தெடுத்த வழியும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். ஒடுக்கி மட்டும் பச்சையாக இருந்தால் போதாது.

மேற்பரப்பு உறை எதற்கு? துகள் மட்டும் போதாதா?

உறையில்லாத துகள் நீண்டநாள் துகளாக இருப்பதில்லை. மேற்பரப்பு ஆற்றல் மிகுதியால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகும். இதைத் தடுக்க இரண்டு வழிகள். ஒன்று, எல்லாத் துகள்களுக்கும் ஒரே வகை மின்சுமையைத் தந்து ஒன்றையொன்று விலக்கச் செய்வது; சிட்ரேட் செய்வது இதையே. மற்றொன்று, பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற நீர்விரும்பிச் சங்கிலிகளை மயிர்க்கால்கள் போல நட்டு, இன்னொரு துகள் நெருங்க இடமில்லாமல் செய்வது. உப்பு மிகுந்த இரத்தத்திலும் கடல்நீரிலும் முதல் வழி தோற்றுவிடும், இரண்டாவதே நிற்கும்.

அந்த உறையின் நுனியில் எதிர்ப்பொருள், பெப்டைடு, டி.என்.ஏ. துண்டு, உலோகத்தைப் பற்றும் வேதித்தொகுதி என எதையும் இணைக்கலாம். தங்கத்துக்குக் கந்தக முனையுள்ள தயால்கள், ஆக்சைடுகளுக்குச் சிலேன்கள் என்று ஒவ்வொரு பரப்புக்கும் ஏற்ற கொக்கி உண்டு. ஒரே இரும்பு ஆக்சைடு உள்ளகம், உறையை மாற்றினால் சோகைக்கு மருந்தாகவோ நீரில் நஞ்சைப் பற்றும் பொருளாகவோ ஆகிவிடுகிறது.

தயாரித்தது நானோதான் என்று எப்படி உறுதிசெய்வது?

ஒரு கருவியை மட்டும் நம்பக் கூடாது. ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி உலர்ந்த துகளின் உள்ளகத்தைக் காட்டும். இயங்கு ஒளிச்சிதறல் கருவி, கரைசலில் உறையோடும் நீர்ப்படலத்தோடும் நகரும் துகளின் விட்டத்தைச் சொல்லும். அதனால் இரண்டாவது எண் பெரிதாக இருப்பதே இயல்பு. சிறு துகள்கள் சிதறடிக்கும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. ஒரு 100 நானோமீட்டர் துகள், பத்து லட்சம் 10 நானோமீட்டர் துகள்களுக்கு ஈடான ஒளியைச் சிதறடிக்கும். ஒரு தூசி போதும், முடிவு குலைந்துவிடும்.

எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவுக் கோடுகளின் அகலத்திலிருந்து ஷெரர் 1918இல் தந்த சமன்பாட்டால் கணக்கிடுவது படிகமணியின், அதாவது அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கிய பகுதியின், அளவை. துகளின் அளவை அன்று. ஒரு துகளுக்குள் பல படிகமணிகள் இருக்கலாம். ஆய்வேடுகளில் நான் அடிக்கடி காணும் பிழை இதுதான்.

இன்று மருத்துவத்தில் உண்மையாகவே பயன்பாட்டில் உள்ளவை எவை?

அமெரிக்காவில் 1995இல் ஒப்புதல் பெற்ற லைப்போசோம் வடிவ டாக்சோரூபிசின் முன்னோடி எனலாம். ஏறத்தாழ 100 நானோமீட்டர் விட்டமுள்ள கொழுப்புக் குமிழிக்குள் புற்றுநோய் மருந்து படிக வடிவில் அடைக்கப்பட்டிருக்கிறது. வெளியே பாலிஎத்திலீன் கிளைக்கால் உறை. இதயத்துக்கு மருந்து இழைக்கும் கேடு குறைந்தது; ஆனால் உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் பாதிப்பு புதிய பக்கவிளைவாகத் தோன்றியது. உறை மாறினால் மருந்து போகும் இடமும் மாறும் என்பதற்கு அந்தப் பக்கவிளைவே சான்று.

2005இல் ஒப்புதல் பெற்ற, அல்புமின் புரதத்தோடு பிணைத்த பாக்ளிடாக்செல் துகளின் அளவு சுமார் 130 நானோமீட்டர். நீரில் கரையாத அந்த மருந்தைக் கரைக்க முன்பு பயன்படுத்திய ஆமணக்கெண்ணெய் வழிக் கரைப்பான் கடும் ஒவ்வாமையைத் தந்துவந்தது; அல்புமின் அந்தத் தேவையை நீக்கியது. 2009இல் ஒப்புதல் பெற்ற ஃபெருமாக்சிடால் என்னும் சர்க்கரை உறையிட்ட இரும்பு ஆக்சைடு, நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளின் இரும்புச்சத்துக் குறைவுக்கு இரத்தக் குழாய்வழி தரப்படுகிறது. காந்தத் துகள்களைக் கட்டிக்குள் செலுத்தி மாறுதிசைக் காந்தப்புலத்தால் சூடேற்றும் சிகிச்சை, மூளைக் கட்டிகளுக்காக ஐரோப்பாவில் 2010இல் அனுமதி பெற்றது.

நோயறிதலில் மிகப் பரவலானது எளிய பட்டைச் சோதனை. பல விரைவுப் பரிசோதனைப் பட்டைகளில் தெரியும் செந்நிறக் கோடு, எதிர்ப்பொருள் பூசிய தங்கத் துகள்கள் ஒரே இடத்தில் பிடிபட்டுக் குவிவதால் தோன்றுவது. கருவி வேண்டாம், கண் போதும்.

எம்-ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளில் நானோ துகளின் பங்கு என்ன?

ஆர்.என்.ஏ. எதிர்மின்சுமை கொண்ட நீண்ட இழை. இரத்தத்தில் நொதிகள் அதை நிமிடங்களில் சிதைத்துவிடும்; செல்லின் சவ்வையும் அதனால் தானே கடக்க முடியாது. இதற்கான ஊர்தி நான்கு கூறுகளால் ஆனது: மின்னேற்றம் மாறக்கூடிய லிப்பிட் (கொழுப்பு வகை மூலக்கூறு), பாஸ்போலிப்பிட், கொலஸ்டிரால், பாலிஎத்திலீன் கிளைக்கால் இணைந்த லிப்பிட். லிப்பிட்களின் எத்தனால் கரைசலையும் ஆர்.என்.ஏ.யின் அமிலக் கரைசலையும் நுண்குழாய்களில் மிக விரைவாகக் கலந்தால், பெரும்பாலும் 100 நானோமீட்டருக்குள் அடங்கும் துகள்கள் தாமாகவே அமைகின்றன. கலக்கும் வேகம் குறைந்தால் துகள் பெருத்துவிடும். இதிலும் லாமெர் சொன்ன காலப் பிரிப்பின் சாயல் இருக்கிறது.

முதலாவது லிப்பிட்டில்தான் சூட்சுமம். அமிலச் சூழலில் நேர்மின்சுமை பெற்று ஆர்.என்.ஏ.வைப் பற்றுகிறது, இரத்தத்தின் நடுநிலைச் சூழலில் மின்சுமையை இழந்து தீங்கற்றதாகிறது, செல் அதை விழுங்கிய பிறகு அங்குள்ள பையின் அமிலத்தன்மையில் மீண்டும் சுமை பெற்று, சவ்வைக் குலைத்து, ஆர்.என்.ஏ.வை வெளியே விடுகிறது. இவ்வகை ஊர்தியில் முதலில் ஒப்புதல் பெற்றது தடுப்பூசி அன்று. 2018இல் வந்த பாட்டிசிரன் என்னும் மருந்து. மரபுவழி அமிலாய்டு நோய்க்கான அந்த மருந்து சேர வேண்டிய இடம் கல்லீரல். மற்ற நானோ மருந்துகளுக்கு இடையூறாக இருந்த கல்லீரல் ஈர்ப்பு, இதற்கு மட்டும் வரமாக அமைந்தது.

நானோ துகள் புற்றுக்கட்டியை மட்டும் தேடிப் போகும் என்பது எவ்வளவு உண்மை?

தேடிப் போவதில்லை, இரத்த ஓட்டத்தோடு போகிறது, வழியில் சில இடங்களில் தங்குகிறது. கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுக்குள்ளவை, நிணநீர் வடிகாலும் குறைவு. எனவே பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து தேங்கும் என்று மட்சுமுராவும் மயேதாவும் 1986இல் காட்டினர். எலிகளில் இது நன்றாகத் தெரிந்தது. மனிதக் கட்டிகளில் ஆளுக்கு ஆள், ஒரே ஆளின் கட்டிக்குக் கட்டி வேறுபடுகிறது. பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, விலங்குகளுக்குச் செலுத்திய அளவில் இடைநிலையாக 0.7 விழுக்காடு மட்டுமே கட்டியைச் சேர்ந்ததாகக் கணக்கிட்டது.

இந்த எண்ணைத் தோல்வி என்று படிப்பதும் சரியன்று. வழக்கமான மருந்திலும் கட்டியை அடையும் பங்கு சிறியதே. மருந்து போகக் கூடாத இடத்துக்குப் போவதைக் குறைப்பதும் ஒரு வெற்றிதான். ஆனால் 'குறிதவறாத அம்பு' என்ற உவமையைக் கைவிட்டுவிடலாம்.

மிச்சம் எங்கே போகிறது?

பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. இரத்தத்தில் நுழைந்த கணமே துகளின் மேல் புரதங்கள் படிந்து ஓர் உறை உண்டாகிறது. செல்கள் காண்பது நாம் வடிவமைத்த பரப்பை அன்று, இந்தப் புரதப் போர்வையைத்தான். அதை அடையாளம் கண்டு பெருவிழுங்கிச் செல்கள் துகளை விழுங்கிவிடுகின்றன. சிறுநீரகம் வழியே வெளியேற, உறையோடு சேர்ந்த விட்டம் ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய துகள் உடலுக்குள்ளேயே கரைய வேண்டும், அல்லது பித்தத்தோடு கழிய வேண்டும், அல்லது தங்கிவிடும். இரும்பு ஆக்சைடு கரைந்து உடலின் இரும்பு இருப்பில் சேர்ந்துவிடும். தங்கம் கரைவதில்லை. காட்மியம் கலந்த குவாண்டம் புள்ளிகள் திரையில் அழகாக ஒளிர்ந்தாலும், மனித உடலுக்குள் அனுமதி பெறத் தடையாக நிற்பது அந்தக் காட்மியமே.

நீரைச் சுத்திகரிக்க நானோ பொருள்கள் எப்படிப் பயன்படுகின்றன?

இரும்பில் தொடங்கலாம். ஆக்சிஜனேற்றம் பெறாத இரும்பு நானோ துகள், டிரைகுளோரோ எத்திலீன் போன்ற குளோரின் கரைப்பான்களுக்கு எலக்ட்ரானைத் தந்து குளோரினைப் பிரித்துவிடுகிறது; நச்சுமிக்க ஆறுமதிப்புக் குரோமியத்தை நச்சுக் குறைந்த மும்மதிப்பு நிலைக்கு மாற்றுகிறது. அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் 1990களில் இது உருப்பெற்றது. மாசுபட்ட நிலத்தடி நீருக்குள் குழம்பாகவே செலுத்தலாம் என்பது கவர்ச்சி. துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகி மண்துளைகளில் சிக்கிக்கொள்வதால் செலுத்திய இடத்திலிருந்து அதிகத் தொலைவு போவதில்லை என்பது நடைமுறை. செல்லுலோஸ் வழிப் பாலிமர் உறை இதை ஓரளவு சீர்செய்கிறது. இரத்தத்தில் துகளை ஓடவிடுவதும் மண்ணில் துகளை ஓடவிடுவதும் வேதியியல் நோக்கில் ஒரே சிக்கல்தான்.

ஆர்செனிக்கைப் பொறுத்தவரை, குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு. இரும்பு ஆக்சைடின் பரப்பு ஆர்செனிக்கை வலுவாகப் பற்றும். 12 நானோமீட்டர் மேக்னடைட் துகள்களை வலுக்குறைந்த காந்தத்தாலேயே நீரிலிருந்து பிரிக்கலாம் என்று 2006இல் ரைஸ் பல்கலைக்கழகக் குழு காட்டியது. காய்ச்சி வடித்த நீரில் செய்த சோதனை முடிவை அப்படியே கிணற்று நீருக்குப் பொருத்தக் கூடாது: பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் அதே பரப்பிடங்களுக்குப் போட்டியிடும். ஆர்செனிக் ஏறிய பொருளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை இல்லாத வடிகட்டி, நஞ்சை இடம் மாற்றியதோடு நின்றுவிடுகிறது.

ஒளிவினையூக்கம் என்றால் என்ன? சூரிய ஒளியே நீரைச் சுத்தமாக்கிவிடுமா?

டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயில் ஒளி பட்டால் நீர் பிரிகிறது என்று ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் வெளியிட்டதிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. ஒளித்துகள் ஓர் எலக்ட்ரானை மேல்மட்டத்துக்குத் தூக்க, கீழே நேர்மின் துளை ஒன்று மிஞ்சும். அந்த இணை நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து ஹைட்ராக்சில் போன்ற தீவிரத் தொகுதிகளை உண்டாக்கும். அவை சாயம், பூச்சிக்கொல்லி, மருந்தெச்சம் எதையும் துண்டாடக்கூடியவை.

தடை ஆற்றல் இடைவெளியில் இருக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் என்னும் படிக வடிவத்துக்கு அது சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். எனவே 388 நானோமீட்டருக்குக் குறைந்த புறஊதா ஒளியே வேலை செய்யும். தரையை எட்டும் சூரிய ஒளியில் புறஊதா ஏறத்தாழ 5 விழுக்காடுதான். நைட்ரஜனைக் கலந்தும் வேறு குறைக்கடத்திகளை இணைத்தும் கட்புலனாகும் ஒளிக்கு அதை இசைவிக்க முயல்கிறார்கள். ஆய்வகங்களில் மெத்திலீன் நீலச் சாயத்தின் நிறம் மறைவதையே வெற்றியாகக் காட்டுவது ஒரு பழக்கம். நிறம் போனதாலேயே மூலக்கூறு முற்றிலும் சிதைந்ததாகாது. கரிமக் கார்பனின் மொத்த அளவும் இறங்கியதா என்று பார்க்க வேண்டும்.

உலோக-கரிமக் கட்டமைப்புகளும் நானோ பொருள்களில் சேருமா?

அவற்றின் துளைகள் நானோ அளவிலானவை என்பதால் சேர்த்தே பேசுகிறோம். உலோக அயனிகளை முடிச்சுகளாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பிகளாகவும் கொண்டு கட்டிய படிகக் கூண்டுகள் இவை. ஒரு கிராமில் ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் உட்பரப்பு இருக்கும். ரிச்சர்ட் ராப்சன், சுசுமு கிடகாவா, ஓமர் யாகி ஆகியோர் இதற்காக 2025இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கவும், வறண்ட காற்றிலிருந்து நீரைச் சேகரிக்கவும் இவை ஆராயப்படுகின்றன. யாகியின் 1999ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற கட்டமைப்பே ஈரக்காற்றில் சிதைந்துவிடும்; நீரைத் தாங்கும் வகைகள் பின்னர் வந்தன.

இவை தீங்கற்றவையா?

'நானோ' என்ற ஒரே சொல்லுக்கு ஒரே விடை இல்லை. வெள்ளித் துகள் மெல்லக் கரைந்து தரும் அயனி, பாக்டீரியாவைப் போலவே நீர்வாழ் உயிர்களையும் தாக்கும். கழிவுநீர் நிலையத்தில் கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடானால் அந்த வீரியம் பெரிதும் தணிந்துவிடும். நீண்டு விறைத்த கார்பன் நானோ குழாய்கள் எலிகளின் உடற்குழியில் கல்நார் போன்ற அழற்சியை உண்டாக்குவதாக 2008இல் தெரியவந்தது. 2014இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அவற்றில் ஒரு குறிப்பிட்ட வகையை மட்டும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. உணவில் வெண்மைக்காகச் சேர்த்துவந்த டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடைசெய்தது. மரபுப்பொருளுக்குக் கேடு விளையாது என்று உறுதிசொல்ல முடியவில்லை என்பதே காரணம். உலர்ந்த தூளை மூச்சில் இழுப்பதே ஆய்வகத்தில் முதன்மையான ஆபத்து. அதனால் கூழ்மத்தைக் கூழ்மமாகவே கையாள்வது நல்லது.

முதன்முறையாகச் செய்து பார்க்க விரும்பும் மாணவருக்கு எது ஏற்றது?

மேற்சொன்ன சிட்ரேட் தங்கம்தான், ஆசிரியரின் மேற்பார்வையில். கண்ணாடிக் கலங்கள் மாசற்றிருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய பழைய உலோகத் துணுக்கே தேவையற்ற கருவாகிவிடும். இளமஞ்சள் கரைசல் நிறமிழந்து, கருநீலமாகி, ஊதாவாகி, இறுதியில் செந்நிறத்தில் நிற்பதைக் காணலாம். ஆறிய பின் இரண்டு சோதனைக் குழாய்களில் அதை ஊற்றி, ஒன்றில் மட்டும் சிறிதளவு ஜெலட்டின் கரைசலைக் கலந்து, சற்றுநேரம் கழித்து இரண்டிலும் சாதாரண உப்புக் கரைசலைச் சொட்டவும். ஜெலட்டின் இல்லாத குழாயில் உப்பு சிட்ரேட்டின் மின்சுமையை மறைத்துவிடுவதால் துகள்கள் ஒட்டிக்கொண்டு, சிவப்பு கண்ணெதிரே நீலமாகும். ஜெலட்டின் கலந்த குழாய் சிவப்பாகவே இருக்கும். அந்தக் காப்புத் திறனை 'தங்க எண்' என்று அளவிட்டுக் காட்டிய ரிச்சர்ட் சிக்மோண்டி, கூழ்ம ஆய்வுகளுக்காக 1925ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்.